பின்சீட்டுப் பயம்

ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், முகப்பு மேசையில் எனக்கு வேலை. வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து, வரிசை எண் கொடுத்து, எந்த அறைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். என்ன ஆயிற்று என்று யாரையும் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பார்த்தாலே தெரிந்துவிடும். வயதான அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் குளியலறையில் வழுக்கியது. இளவயதுக்காரர் முழங்காலில் கம்பி நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தால் மோட்டார் சைக்கிள். பல வருஷமாக இதையே பார்த்துப் பார்த்து, சாலையில் ஒரு பைக் போனால் எனக்கு ஓட்டுகிறவரின் முகம் தெரிவதில்லை. எலும்புதான் தெரிகிறது.

இப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்த ஒரே மகள், பாலிடெக்னிக் முடித்து வேலையில் சேர்ந்த கையோடு, "மா, நான் டூபி எடுக்கப் போறேன்" என்றாள். டூபி என்பது சின்ன மோட்டார் சைக்கிளுக்கான லைசன்ஸ். நான் அப்போது தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அது கருகிப் புகை வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"என் பொணத்தத் தாண்டித்தான் நீ பைக்ல ஏறணும்."

"ஏன்மா டிராமா பண்றீங்க? ஃபர்ஸ்ட் ட்ரெயின் புடிச்சாக்கூட நான் லேட்டு லா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். எங்கள் வீடு சுவா சூ காங்கில். அவள் வேலை ஜூரோங்குக்கும் அப்பால், உணவுப் பொருள் தயாரிக்கும் ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். விடிவதற்கு முன்னால் ஷிஃப்ட் தொடங்கிவிடும். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. என் கணவர் எனக்குத் துணையாக நிற்பார் என்று பார்த்தால், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே "ஓட்டட்டும் விடு" என்று சொல்லிவிட்டார். அவரும் கல்யாணத்துக்கு முன்னால் பைக் ஓட்டியவர். அந்தக் கொழுப்பு இன்னும் கரையவில்லை.

லைசன்ஸ் வந்தது. இன்னொருவர் ஓட்டிப் பழகிய கறுப்பு வண்டி ஒன்றும் வந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே அது நின்றால், அந்தப் பக்கமே திரும்பாமல் லிஃப்டுக்குப் போய்விடுவேன். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மகள் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அது வரும்வரை காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், குடிக்க மாட்டேன். கொஞ்சம் தாமதமானால் போதும், எந்த விரைவுச்சாலை, எந்த லாரி, எந்தக் கால் என்று மனம் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். சாமி அறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

சாப்பிட உட்காரும்போது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கு ஒருத்தர் வந்தார், உன் வயசுதான், ரசத்தை ஊற்றிக்கோ, இரண்டு லாரிக்கு நடுவில் போயிருக்கிறார், முட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, அப்பளம் எடுத்துக்கோ. இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அவள் பதில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் முதல் வருஷம் பின்சீட்டில் ஆளை ஏற்றக் கூடாது என்று விதி. அந்த வருஷம் முடிந்த சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. வண்டி வாங்கி இத்தனை நாளாகியும் அதற்கு ஒரு பூஜை போடவில்லையே என்பது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. லிட்டில் இந்தியா அம்மன் கோயிலுக்கு எடுத்துப் போய்ப் பூஜை போடலாம் என்றேன்.

"ஓகே. பட் நீங்க என் பின்னால உக்காந்து வரணும். இல்லன்னா நான் வரல" என்றாள் மகள்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். எனக்கு இரண்டு கணக்கு இருந்தது. ஒன்று, அம்மன் முன்னால் வண்டியை நிறுத்தி, என் பிள்ளையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, அவள் ஓட்டுவதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டால், இது ஆகாது, விற்றுவிடு என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்காமலா போகும்?

"சரி. ஆனா கார் நடுவுல எல்லாம் நுழையக் கூடாது. வரிசையில நிக்கணும், வரிசையிலதான் போகணும்" என்றேன்.

"மா, அது பைக், பஸ் இல்ல."

"அப்ப நான் வரல."

"ஓகே ஓகே. வரிசை."

ஆயுத பூஜையன்று மாலை இருவரும் புறப்பட்டோம். இங்கே பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார முடியாது, காலை இரண்டு பக்கமும் போட்டுத்தான் உட்கார வேண்டும். அதனால் நல்ல நாளும் அதுவுமாகப் புடவை கட்ட முடியாமல் பஞ்சாபி சூட் போட்டுக்கொண்டேன். தலையில் வைத்திருந்த மல்லிகைப்பூ ஹெல்மெட்டுக்குள் நசுங்கி, வழி முழுக்க எனக்கு மட்டும் மணத்தது. விரைவுச்சாலையில் நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே இடுப்பில் கிள்ளி, மெதுவா மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று இரைச்சலில் அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. ஆனால் உள்ளபடி சொல்ல வேண்டும், அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். குறை சொல்ல எதுவும் அகப்படாமல் நான் ஏமாந்து போனேன்.

லிட்டில் இந்தியாவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தீபாவளி விளக்குத் தோரணங்கள் சாலைக்கு மேலே ஏற்கெனவே ஏறியிருந்தன. பூக்கடையில் மாலை கேட்டேன்.

"காருக்கா, பைக்குக்கா?" என்றார் கடைக்காரர்.

"பைக்குக்கு."

"அப்ப சின்னது போதும்க்கா."

"பெருசாவே குடுங்க" என்றேன். உயிரைக் காக்கும் விஷயத்தில் கஞ்சத்தனம் எதற்கு? செவ்வந்தியும் அரளியும் வைத்து, நைலான் நூலில் நெருக்கமாகக் கட்டிய மாலை. ஒரு காருக்குச் சாத்தினாலும் மிச்சம் இருந்திருக்கும்.

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஐயர் எங்கள் வண்டியின் விளக்குக்கும் பெட்ரோல் டாங்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே மாலையைச் சாத்தி, சூடம் காட்டினார். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை மகள் வண்டியை உருட்டி நசுக்கினாள். நான் கண்ணை மூடி, அவள் கை, கால், தலை என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

மாலையின் இரண்டு நுனியும் முன்சக்கரம் வரை தொங்கின. மகள் குனிந்து பார்த்தாள்.

"மா, இது வீல்ல மாட்டிக்கும். கழட்டிடவா?"

"சாத்தின மாலைய உடனே கழட்டுவாங்களா? வீடு போற வரைக்குமாவது இருக்கட்டும்டி."

அவள் தொங்கிய நுனிகளைத் தூக்கி, விளக்குக்குக் கீழே இருந்த ஹாரனுக்குப் பின்னால் உள்ளே தள்ளிச் செருகினாள். இழுத்தும் ஆட்டியும் பார்த்து, "இப்ப ஆடாது" என்றாள். நல்ல புத்திசாலிப் பெண் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அதோடு நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சைனாடவுன் மாரியம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. வேலை விட்டு எல்லாரும் வீடு திரும்பும் நேரம். மகள் சாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டை விட்டு வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொஞ்சம் நகர்ந்தால் நிற்கிறது, நின்றால் அசைவதில்லை. எங்களுக்கு இடது பக்கம் பஸ், வலது பக்கம் டாக்சி. மற்ற பைக்குகள் எல்லாம் இடுக்கில் புகுந்து போய்க்கொண்டிருந்தன. நாங்கள் மட்டும் ஒரு காருக்குப் பின்னால் மரியாதையாக நின்றோம். கணுக்காலுக்கு மேலே அனல் அடித்தது. முதலில் அது தார்ச்சாலையின் சூடு என்று நினைத்தேன்.

"மா, பைக் இப்படி நின்னுட்டே இருக்கக் கூடாது. ஓடினாத்தான் இன்ஜின் மேல காத்து படும். சைடுல போயிடட்டுமா?"

"வேணாம். வரிசைன்னு சொன்னே இல்ல?"

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ காதுகொடுத்துக் கேட்பது போல் இருந்தாள். வண்டி நின்றிருக்கும்போது சூடு ஏறினால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன மின்விசிறி தானாகச் சுழல ஆரம்பிக்கும் என்றும், அந்தச் சத்தம் வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றும் பிறகுதான் எனக்குச் சொன்னாள். சத்தம் வரவில்லை. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

"டனல் வழியா போயிடலாம்மா. ஹைவேல கொஞ்சம் காத்து பட்டா கூல் ஆயிடும்" என்றாள். எனக்கு எது வழியாகப் போனாலும் ஒன்றுதான். சரி என்றேன்.

விரைவுச்சாலை பூமிக்குள் இறங்கும் அந்தச் சரிவில் உண்மையிலேயே காற்று அடித்தது. அப்பாடா என்று நானும் முதுகை நிமிர்த்தினேன். வளைவு திரும்பியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்பு பிரேக் விளக்குகள். பின்னாலும் வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. சுரங்கச் சாலைக்குள் திரும்ப முடியாது, ஒதுங்க முடியாது. இடது ஓர லேனில் நின்றோம். அந்தப் பக்கம் ஒரு முழம் இடமும் அழுக்குப் பிடித்த சுவரும்தான் இருந்தன. கூரையில் பெரிய விசிறிகள் ஊளையிட்டன. புகை மூட்டத்தில் மூச்சு முட்டியது.

அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னடி அது?"

"மா, டோன்ட் பேனிக்."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நான் பதறவில்லை, கேள்விதான் கேட்டேன். அவள் அதை எனக்குச் சொல்லவில்லை, தனக்குச் சொல்லிக்கொண்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை. வண்டிகள் நிற்கும்போது இன்ஜினை அணைத்தாள், நகர்ந்தபோது மறுபடி போட்டாள். அப்படிக் கொஞ்ச தூரம் போனோம். பாகு காய்ச்சும்போது வருவது போல ஓர் இனிப்பு வாசனை எங்கிருந்தோ வந்தது. என் கால்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. முன்னால் இருந்த கார் நகர்ந்தது. அதற்கு முன்னால் இருந்தவையும் வேகமெடுத்தன. அவள் பொத்தானை அழுத்தினாள். வண்டி முனகிவிட்டு ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். முனகல்கூட இல்லை.

நெரிசல் விலகிவிட்டது. இவ்வளவு நேரம் எப்போது நகரும் நகரும் என்று காத்திருந்தேனே, இப்போது எல்லாம் நின்றபடியே இருந்திருக்கக் கூடாதா என்று கதறத் தோன்றியது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஒரு கார் எங்களை உரசுவது போல ஒதுங்கிப் போனது.

"இறங்குங்க மா! சுவர் பக்கம் போங்க!"

இறங்கினேன். அவளும் இறங்கி, ஹாண்டில்பாரைப் பிடித்து வண்டியைச் சுவரோரம் தள்ளப் பார்த்தாள். அது அசைவேனா என்றது. என் பிள்ளை அந்த இரும்பை இழுத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்க, நான் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பதா? நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன்.

"பின்னால நிக்காதீங்க மா! ப்ளீஸ் மா!"

பின்னால் நிற்கக் கூடாது என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நின்றுபோன வண்டிக்குப் பின்னால் நின்றவர்களுக்கு என்ன ஆகும் என்று என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. வந்துகொண்டிருந்த வேன் ஒன்று கடைசி நொடியில் ஒடித்து விலகியது. அதற்குப் பின்னால் வந்த லாரிக்கு அதுவரை நாங்கள் தெரியவே இல்லை.

இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நான் ஓடியிருக்கலாம். சுவர் பக்கத்தில்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தேன். பைத்தியக்காரத்தனம். லாரியைக் கையால் நிறுத்திவிடப் போகிறேனா? என் முதுகுக்குப் பின்னால் அவள் இருந்தாள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தொண்டையில் அம்மன் பெயர்கூட வரவில்லை. வெறும் சத்தம்தான் வந்தது.

டயர்கள் கிறீச்சிட்டன. லாரியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்த தொழிலாளிகள் மொத்தமாக முன்னால் சரிந்தார்கள். என் முகத்துக்கு நேரே அதன் முன்பக்கம் வந்து நின்றது. கைநீட்டினால் தொட்டுவிடலாம். அந்தச் சூட்டையும் தூசி மணத்தையும் இப்போதுகூட என்னால் முகர முடிகிறது.

ஓட்டியவர் ஒரு சீனர், நடுவயது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் என்னைப் போலவே வெளுத்திருந்தது. தலையை வெளியே நீட்டி, "ஆண்ட்டி! யூ வான்ட் டு டை ஆ?" என்று கத்தினார். திட்டிவிட்டு அவர் போய்விடவில்லை. அபாய விளக்குகளைப் போட்டு, லாரியை எங்களுக்குப் பின்னால் அப்படியே குறுக்கே நிறுத்தி, கைபேசியை எடுத்துப் பேச ஆரம்பித்தார். பின்தட்டிலிருந்து ஒருவர் குதித்து வந்தார்.

"அக்கா, நீங்க நகருங்க. முன்னாடி போங்க. நாங்க தள்ளிக்கிறோம்."

அவரும் மகளும் சேர்ந்து வண்டியைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மகள் என் பையைப் பிடுங்கித் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். வண்டியின் பக்கவாட்டில் ஒரு மூடி இருந்தது. அதைச் சுற்றிலும் ஆவி சீறிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"என்னடி பண்றே?"

"தண்ணி ஊத்தினா ஸ்டார்ட் ஆயிடும்மா. வெளிய போயிடலாம். ஐ வான்ட் டு கெட் அவுட்."

எனக்கு ரேடியேட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் குக்கரைத் தெரியும். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? அவள் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். புட்டி உருண்டு ஓடியது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குப் பிறகு நான் அவளை அடித்ததே இல்லை.

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மூடியைப் பார்த்தாள். சூடான இன்ஜினின் மூடியைத் தொடக் கூடாது என்று ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் படித்தவள்தான். பயத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினாள். முகம் முழுக்கக் கண்ணீராக இருந்தது. எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருந்தாளோ, எனக்குத் தெரியாது.

லேன் மூடப்பட்டது என்று காட்ட, எங்களுக்கு மேலே கூரையில் சிவப்புக் குறுக்குக் கோடு எரிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொன்னார்கள், எதிரொலியில் ஒரு வார்த்தை புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உதவி வண்டி வந்து எங்களையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டது. லாரிக்காரர் எங்கள் நன்றிக்குக் காத்திருக்கவில்லை. பின்தட்டிலிருந்தவர்கள்தான் கையசைத்துக்கொண்டு போனார்கள்.

சுரங்கத்துக்கு வெளியே, பக்கத்திலிருந்த திறந்தவெளிக் கார் நிறுத்துமிடம் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. இன்ஜின் நன்றாக ஆறும்வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் கைபேசி விளக்கை அடித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"மா. பூ."

குனிந்து பார்த்தேன். ஹாரனுக்குப் பின்னால் செருகிய மாலையின் நுனி வழுக்கி உள்ளே இறங்கி, அந்தச் சின்ன விசிறிக்குள் போயிருந்தது. நைலான் நூல் இறக்கைகளைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிப் போட்டிருந்தது. ரேடியேட்டரின் இடுக்கெல்லாம் செவ்வந்தி இதழ்கள் வெந்து ஒட்டியிருந்தன. யாரைத் திட்டுவது? நைலான் நூலில் கட்டிய பூக்கடைக்காரரையா, சாத்திய ஐயரையா, செருகியவளையா, பெரிதாகக் கேட்டவளையா? பட்டியல் கடைசியில் சுற்றி என்னிடமே வந்து நிற்கும் போலிருந்தது. பேசாமல் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன். அவள் நூலை அறுத்து அறுத்து இழுத்தாள். பூவைக் கீழே போட மனசில்லாமல் நான் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டேன்.

மூடி கைக்குச் சில்லென்று ஆன பிறகுதான் திறந்தாள். தண்ணீர் ஊற்றி, இன்ஜினைப் போட்டுப் பார்த்தாள். உடனே கிளம்பியது. ஓடவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் விசிறி விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அவள் மறுபடி அணைத்துவிட்டு, திண்டில் வந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். நான் அடித்த இடம் சிவந்திருந்தது. அதை வருடிக்கொண்டே சொன்னாள்.

"மா, எனக்கு டெய்லி பயம், தெரியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பக்கத்துல லாரி வந்தா நீங்க சொன்ன அந்த முட்டிதான் ஞாபகம் வரும். மழை பெஞ்சா அந்த இடுப்பு உடைஞ்ச அண்ணன். ஒவ்வொரு ஜங்ஷன்லயும் உங்க பேஷண்ட் யாராச்சும் நிப்பாங்க."

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"சொன்னா விக்கச் சொல்லுவீங்க."

சாப்பாட்டோடு சாப்பாடாக ஒரு வருஷம் நான் ஊட்டிவிட்டதெல்லாம் அவளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. நான் சமையலறையில் நின்று பயந்தேன். அவள் அதையும் சுமந்துகொண்டு லாரிகளுக்கு நடுவில் போயிருக்கிறாள். மூடியின் மேல் கையை வைத்தாளே, அப்போது அவளுக்குள் இருந்த பயத்தில் பாதிக்கு மேல் என்னுடையது.

"வண்டி இங்கயே கிடக்கட்டும். நாம எம்ஆர்டில போயிடலாம். நாளைக்கு அப்பா வந்து எடுத்துக்கட்டும்" என்றேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். "இன்னிக்கு ஓட்டலன்னா நான் இனிமே ஓட்டவே மாட்டேன்மா. எனக்குத் தெரியும்."

இதற்காகத்தானே ஒரு வருஷமாக ஒவ்வொரு சாமியாக வேண்டிக்கொண்டிருந்தேன்? நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். எழுந்து ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தால் போதும், அவள் பின்னாலேயே வருவாள். அந்தக் கறுப்பு வண்டி எங்கள் புளோக்கை விட்டுப் போய்விடும். நானும் காலையில் சூடாகக் காப்பி குடிப்பேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் திண்டில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பயம் வந்தது. இவள் இப்படியே, என்னைப் போலவே ஆகிவிடுவாளோ என்று. அது லாரியைப் பார்த்த பயத்துக்குக் குறைந்ததில்லை.

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்."

"நீங்க ட்ரெயின்ல போங்க மா. நான் மெதுவா வந்துடுவேன்."

"இவ்வளவு நேரம் உக்காந்து வந்தவ, இப்ப மட்டும் ட்ரெயின்ல போவாளா? ஏறுடி."

அவள் ஏறினாள். நான் பின்னால் ஏறி, அவள் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டேன். அவள் கையுறையை மாட்டினாள். பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"மா, உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

"என் கை எங்கடி நடுங்குது? வண்டி ஆடுது" என்றேன்.

அவள் இன்னும் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.